கோத்தகிரி மேட்டில் இடது முழங்காலுக்கு ஏற்ற வண்டி எது?

போன ஐப்பசி மழையில், கோத்தகிரி டானிங்டன் பக்கம் ஒரு மேட்டில் வண்டிகள் அரை மணி நேரம் ஊர்ந்தன. எனக்கு முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு ஆட்டோ. அரை கிளட்சில் பிடித்து இரண்டடி நகர்வது, நிற்பது, மறுபடி இரண்டடி. பதினைந்தாவது தடவையோ என்னவோ, இடது முழங்காலில் சுருக்கென்று ஒரு வலி. கிளட்சை எங்கே பிடித்திருந்தேன் என்பதே தெரியவில்லை. பிரேக்குக்குக் கால் போவதற்குள் வண்டி அரை அடி பின்னால் உருண்டு ஆட்டோவின் முகப்பு விளக்கை உடைத்துவிட்டது. ஆட்டோக்காரர் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். "பரவால்ல டீச்சர், லைட்டுதானே" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். இழுத்தால் பிடிக்காத வயசு அந்த வண்டிக்கு வந்துவிட்டது. எனக்கு 68, வண்டிக்கு 15. இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும்.

வீட்டுக்காரர் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு அப்புறம் ஓட்டுவதை விட்டுவிட்டார். ஆக, ஓட்டுவது நான், பக்கத்தில் உட்காருவது அவர். தினப்படி ஓட்டம் அரவேணு, கோத்தகிரி கடைவீதி. வாரத்துக்கு ஒரு தடவை குன்னூர். மாதத்துக்கு ஒரு தடவை குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. 55 வயது தாண்டியவர்களுக்கு ஓட்டுநர் உரிமத்தை ஐந்தைந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், அதற்கும் டாக்டரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்க வேண்டும். எனக்கு அடுத்தது 70ல். அதற்கடுத்தது 75ல். இப்போது வாங்கும் வண்டிதான் அநேகமாக நான் ஓட்டும் கடைசி வண்டி. மகன் ஒரு யோசனை சொன்னான்: வண்டியே வேண்டாம், ஆக்டிங் டிரைவர் போட்டுக்கொள்ளுங்கள் என்று. கோயம்புத்தூர் போக அது சரி, இப்போதும் சில சமயம் அப்படித்தான் போகிறோம். பால் வாங்கவும் ரத்தப் பரிசோதனைக்கும் ஆக்டிங் டிரைவருக்குக் காத்திருக்க முடியாது.

அதனால் மூன்று மாதம் வண்டி பார்த்தேன். எனக்குப் பயன்பட்ட கணக்குகளை இங்கே எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் போன ஷோரூமைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே, சமவெளியில் உள்ளது. அங்கிருந்த பையன் மேலே திறக்கும் கண்ணாடிக் கூரையையும் பத்து அங்குலத் திரையையும் பற்றி இருபது நிமிடம் பேசினான். மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் போகுமா என்று கேட்டேன். "மேடம், டாப் மாடல்ல எல்லாமே வருது" என்றான். ஓட்டிப் பார்க்க ஒரு நேர்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் கொடுத்தார்கள். நேர்ச்சாலையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். மலையில் இருப்பவர்கள் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வண்டியை மேலே கொண்டுவரச் சொல்லி, உங்கள் வீட்டு மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டால் கொண்டுவருகிறார்கள். இரண்டு இடத்தில் முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான்.

உட்கார்வதும் எழுவதும்

வயதானவர்களுக்கு வண்டி பார்க்கும்போது எல்லோரும் கியரில் தொடங்குகிறார்கள். நான் இருக்கையில் தொடங்கினேன். காரணம் பக்கத்தில் உட்காரும் அவர்தான்.

நின்ற நிலையில் முழங்கால் மடிப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தையல் டேப்பால் அளந்துகொண்டோம். வண்டியின் இருக்கை அதே உயரத்திலோ இரண்டு விரல் மேலேயோ இருந்தால் சும்மா நகர்ந்து உட்காரலாம். தாழ இருந்தால் விழுந்து உட்கார வேண்டும். எழும்போது மொத்த உடம்பையும் முழங்காலால் தூக்க வேண்டும். எங்கள் பழைய வண்டியின் இருக்கை என் மடிப்புக்கு நாலு விரல் கீழே. இத்தனை வருடம் அது தெரியவே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. ரொம்ப உயரமான பெரிய எஸ்யூவியும் உதவாது. அதில் ஏற வேண்டும், ஏறுவதற்கும் அதே முழங்கால்தான் வேலை செய்ய வேண்டும்.

இந்த ஒரு அளவிலேயே சாதாரண செடான் வகை எல்லாம் கழிந்துபோனது. ஹோண்டா அமேஸில் எனக்கு ஆசை இருந்தது. அதன் சிவிடி கியரைப் பற்றி (கிளட்ச் இல்லாத ஒரு வகை, பின்னால் சொல்கிறேன்) தெரிந்தவர்கள் எல்லாம் நல்லதாகவே சொன்னார்கள். ஆனால் அவர் உட்கார்ந்து, எழுந்து, மேலே பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு நொடி நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. நான் பட்டியலில் கோடு போட்டுவிட்டேன். நின்றது உயரக்கூரை வண்டிகள்: மாருதி வேகன்ஆர், டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர், அப்புறம் பஞ்சின் மின்சார வடிவமான பஞ்ச் இவி.

ஏறும் முறையை எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். முதலில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இதற்குக் கதவு நன்றாகத் திறக்க வேண்டும். புடவை கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று உண்டு, அதை எந்த விளம்பரத்திலும் காணோம். வாசல்படியில் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள விளிம்பு அகலமாக இருந்தால், மழை நாளில் அங்கே படிந்த சேறு முழுக்கக் கொசுவத்தில் வந்துவிடும். வண்டி பார்க்கப் போகும்போது புடவையிலேயே போங்கள், சுடிதாரில் போனால் இது தெரியாது.

பஞ்சின் கதவுகள் 90 டிகிரி திறக்கின்றன. உண்மையிலேயே பெரிய வசதி. அவர் அதில் உட்கார்ந்து எழுந்தது போல் வேறு எதிலும் எழவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஷெட் நினைவுக்கு வந்தது.

மலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். எங்கள் வீடு ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே. வண்டி நிற்பது ரோட்டோரம் மண்ணை வெட்டி எடுத்த எட்டடி அகல ஷெட்டில். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஹாலோபிளாக் சுவர். எட்டடி என்றால் 244 சென்டிமீட்டர். வேகன்ஆரின் அகலம் 162, எக்ஸ்டர் 171, பஞ்ச் 174. பஞ்சை நிறுத்தினால் இரண்டு பக்கமும் சேர்த்து மிச்சம் 70 சென்டிமீட்டர், வேகன்ஆருக்கு 82. மலைப்பக்கம் கண்ணாடி உரசாமல் ஒரு சாண் விட்டால், நான் இறங்கும் பக்கம் ஒன்றில் 48, இன்னொன்றில் 60. இந்த 12 சென்டிமீட்டர் பெரிசா என்று கேட்டான் மகன். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை அந்த அளவில் போட்டு, குடையும் கையுமாக நடுவில் புகுந்து பார்த்தேன். 60ல் சிரமப்பட்டு வரலாம். 48ல் உடம்பை நெளிக்க வேண்டும். நெளியும்போதுதான் முழங்கால் திருகும். 90 டிகிரி கதவு அங்கே 30 டிகிரிகூடத் திறக்காது.

கிளட்ச் இல்லாத வண்டி, எந்த வகை

கியர் மாற்ற வேண்டாத வண்டி என்றால் எல்லாம் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மலையில் அவை ஒன்றில்லை.

ஏஎம்டி என்பது பழைய கியர்பெட்டியேதான். கிளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு இயந்திரம் மிதிக்கிறது. மாருதி இதற்கு ஏஜிஎஸ் என்று பேர் வைத்திருக்கிறது. விலை குறைவு, மைலேஜ் குறையாது, நம்மூர் மெக்கானிக்குக்கும் புரியும். ஆனால் கியர் மாறும்போது தலை முன்னால் போய் வருகிறது. வளைவில் பாதியில் தானாக மூன்றுக்குப் போனால் இழுவை குறைந்து மறுபடி இரண்டுக்கு வருகிறது. அதனால் மேட்டிலும் இறக்கத்திலும் மேனுவல் நிலைக்குத் தள்ளி, இரண்டாவது கியரில் வைத்துவிட வேண்டும். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட பாடம் இதிலும் செல்லும். ஏஎம்டி வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது. நம் கால் வலிக்காது, கிளட்ச் வெந்துபோகும். மேட்டில் பின்னால் உருளாமல் இரண்டு மூன்று நொடி பிரேக்கைப் பிடித்து வைக்கும் வசதி வேகன்ஆரின் ஏஜிஎஸ் வகைகளில் உண்டு, எக்ஸ்டரிலும் உண்டு. எந்த வண்டியானாலும் நீங்கள் வாங்கும் குறிப்பிட்ட வகையில் அது இருக்கிறதா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘டாப் மாடல்’ பதில் போதாது.

சிவிடியில் கியர் என்று தனித்தனியே இல்லை. இரண்டு கப்பியும் ஒரு பட்டையும். கப்பியின் விட்டம் மாற மாற வேகம் மாறுகிறது. உலுக்கல் இல்லை, மேட்டில் வெண்ணெய் மாதிரி ஏறுகிறது. நிசான் மேக்னைட்டில் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினோடு இது வருகிறது, 100 குதிரைத்திறன். அழுத்தினால் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு வண்டி நிதானமாக வேகமெடுப்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை, நான் யாரையும் முந்தப் போவதில்லை. இறக்கத்தில் மட்டும் தாழ்ந்த நிலைக்கு மாற்ற மறக்கக் கூடாது. டார்க் கன்வெர்டர் என்ற மூன்றாவது வகையில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் இணைப்பு. அதுவும் மேட்டில் நல்ல வகைதான். சின்ன வண்டிகளில் அபூர்வம். மாருதி ஃப்ராங்க்ஸின் டர்போவில் உண்டு, ஆனால் அதன் அகலம் 176 சென்டிமீட்டருக்கு மேல். என் ஷெட் அதைச் சிரித்தே அனுப்பிவிடும்.

டர்போ பற்றி மலைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. கோத்தகிரி உயரத்தில் சாதாரண பெட்ரோல் எஞ்சினின் வலுவில் ஆறில் ஒரு பங்கு போய்விடும், 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் ஐந்தில் ஒன்று. ஷோரூமில் 88 குதிரை என்றால் நம் வாசலில் 73 என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு தெரியாது. இரண்டு பேர் போகிற சின்ன வண்டிக்கு 1.2 லிட்டர் எஞ்சின் போதும், ஒரு லிட்டர் சாதா எஞ்சின் வேண்டாம் என்பது என் கட்சி.

கண், பனி, காட்டெருமை

60 வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்குதான். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. அந்தக் கண் தேவலாம். இடது கண்ணுக்கு எதிரே வரும் வெள்ளை விளக்கு ஒரு பூவாக விரிகிறது. இருட்டில் ஓட்டுவதை நான் குறைத்துக்கொண்டேன். பனிமூட்டம் பகல் மூன்று மணிக்கே வந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

பனி விளக்கு, பின் கண்ணாடிக்கு வைப்பர், பின் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி: இந்த மூன்றும் சமவெளியில் ஆடம்பரம், இங்கே அவசியம். பல வண்டிகளில் மலிவு வகையில் மூன்றுமே இருக்காது. பின்பக்க கேமரா கழுத்து திரும்பாதவர்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் மழையில் சேறு தெறித்த கேமராவில் ஒன்றும் தெரியாது; சத்தம் போடும் சென்சாரும் சேர்ந்து வேண்டும். முன் கண்ணாடி உள்ளே பனித்தால் ஹீட்டரையும் ஏசியையும் சேர்த்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் திரையைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் பனிக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு பாறை நகர்ந்தது, காட்டெருமை. நான்கு அடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது. அந்த மாதிரி நேரத்தில் கண் ரோட்டில் இருக்க வேண்டும், கை மட்டும் திருகைத் தேட வேண்டும். பழைய மாதிரித் திருகுகள் உள்ள வேகன்ஆர் இதில் ஜெயிக்கிறது. திரையும் தொடுபலகையுமாக இருக்கும் வண்டிகளில் இந்த ஒன்றுக்காக நான் பத்து மதிப்பெண் குறைத்தேன். வாத்தியார் புத்தி.

இதுவரை வேகன்ஆர்தான் முன்னால் இருந்தது. ஒடுக்கம், உயரம், திருகு, 4.7 மீட்டர் ஆரத்தில் திரும்பும் வட்டம். கோத்தகிரி சந்துகளில் அந்தத் திருப்பம் எவ்வளவு உதவும் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மனசும் அதில்தான் இருந்தது.

அப்புறம் மோதல் சோதனை மதிப்பெண்களைப் பார்த்தேன். வண்டிகளை மோதவிட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடும் குளோபல் என்கேப் அமைப்பு, 2023ல் வேகன்ஆருக்கு வயது வந்த பயணிகளின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. 2021ல் பஞ்சுக்கு ஐந்து. அந்த வேகன்ஆர் இரண்டு ஏர்பேக் உள்ளது, 2025ல் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. ஆனால் ஏர்பேக் கூடுவது வேறு, வண்டியின் கூடு பலப்படுவது வேறு. இதே இடியை 30 வயது விலா எலும்பு தாங்கும், 68 வயது விலா எலும்பு தாங்காது. சீட் பெல்ட் இறுக்குவதே எங்களுக்கு ஒரு அடி. இளையவர்களைவிட வயதானவர்களுக்குத்தான் பலமான வண்டி வேண்டும். யோசித்தால் நேரான விஷயம். ஆனால் வீட்டில் எல்லோரும் ‘மெதுவாத்தானே ஓட்டறீங்க, சின்ன வண்டி போதும்’ என்றே சொன்னார்கள். மெதுவாக ஓட்டுவது நான். எதிரே வளைவில் வருகிற டூரிஸ்ட் வேன் மெதுவாக வராது.

மின்சார வண்டி

மின்சார வண்டியைப் பட்டியலில் வைத்ததே மகனின் வற்புறுத்தலில்தான். மலைக்கு ஆகாது, பாதியில் நின்றுவிடும் என்பது எங்கள் தெருவின் ஏகமனதான தீர்ப்பு. கணக்கு டீச்சருக்குத் தீர்ப்பு போதாது, கணக்கு வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றம். வண்டி, நாங்கள் இருவர், டிக்கியில் காய்கறி எல்லாம் சேர்த்து 1,400 கிலோ. இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 5.7 யூனிட் மின்சாரம் ஆகும்; எட்டாம் வகுப்புக் கணக்குதான். 33 கிலோமீட்டர் உருளும் செலவு, மோட்டார் இழப்பு எல்லாம் சேர்த்தால் ஒன்பது யூனிட். பஞ்ச் இவி 2024 ஜனவரியில் வந்தபோது 25 யூனிட், 35 யூனிட் என்று இரண்டு அளவு பேட்டரியில் வந்தது. கோயம்புத்தூர் போய் வர 140 கிலோமீட்டர். இறக்கத்தில் செலவு ஏறக்குறைய இல்லை, சமவெளியில் போகவர ஏழெட்டு யூனிட், திரும்பி ஏற ஒன்பது. மொத்தம் 17. சின்ன பேட்டரியில் கணக்குப்படி வரும், ஆனால் ஏசியும் டிராஃபிக்கும் சேர்ந்தால் குஞ்சப்பனையில் நெஞ்சு படபடக்கும். பெரியதில் கவலை இல்லை.

இறக்கத்தில்தான் இந்த வண்டி என்னை வசப்படுத்தியது. 1,500 மீட்டர் இறங்கும்போது அதே 5.7 யூனிட் சக்தி எங்காவது போயாக வேண்டும். சாதா வண்டியில் எஞ்சின் பிடிப்பு கொஞ்சம், மிச்சம் பிரேக்கில் சூடாகப் போகிறது. மொத்தமும் சேர்த்தால் ஆயிரம் வாட் ஹீட்டரை ஐந்தரை மணி நேரம் எரிக்கும் சக்தி. தெரியாத ஆட்கள் நியூட்ரலில் இறங்கி பிரேக் வாசனையோடு ஓரங்கட்டி நிற்பது இதனால்தான். மின்சார வண்டியில் காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது. குஞ்சப்பனை வரை இறங்கிப் பார்த்தேன். பிரேக்கை மிதித்தது ஆறோ ஏழோ தடவை. வலது காலும் வலிக்கவில்லை. முதல் பத்து நிமிடம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

ஒரு சூட்சுமம் மட்டும் உண்டு. பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை. அந்த இழுப்பும் இருக்காது. எங்கள் வீட்டிலிருந்து கோயம்புத்தூர் கிளம்பினால் முதல் வேலையே இறக்கம். ஆகவே மலைக்காரர்கள் இரவில் 80, 85 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தில் கொஞ்சத்தை மலையே நிரப்பித் தரும்.

கிளட்ச் இல்லை, கியர் இல்லை, காற்று மெலிந்தாலும் மோட்டாருக்குத் தெரியாது. இருக்கை உயரமும் கதவும் பெட்ரோல் பஞ்சு போலவே. நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம். எதிர்த்தரப்பில் இருப்பவையும் சின்னவை இல்லை. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமானது. மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பர் மண்சரிவை நாங்கள் மறக்கவில்லை. ரோடே இல்லாதபோது பெட்ரோல் வண்டியும் நின்றுதான் இருந்தது என்றாலும், கேனில் ஐந்து லிட்டர் வாங்கி வர முடியும், கரண்டை வாங்கி வர முடியாது. சில மின்சார வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் ஒட்டும் பெட்டிதான், கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் இல்லாததால் நடந்து போகிறவர்கள் ஒதுங்குவதில்லை, காட்டெருமையும் ஒதுங்குவதில்லை. ஹாரன் அடிக்கும் பழக்கமில்லாத நான் அடிக்கப் பழக வேண்டும்.

விலை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் உள்ள சின்ன பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானது, மின்சார வண்டிக்கு முன்போலவே 5. இருந்தும் மின்சார வண்டி கையை அதிகம் கடிக்கிறது. மாதம் 700 கிலோமீட்டர் ஓடும் எங்களுக்குப் பெட்ரோல் மிச்சத்தில் அதை ஈடுகட்டப் பல வருடம் ஆகும். மிச்சம் பிடிக்க வாங்குவதாக இருந்தால் நாங்கள் வாங்கக் கூடாது.

நாங்கள் பஞ்ச் இவிக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம், பெரிய பேட்டரி. முழங்கால் இரண்டு, விலா எலும்பு இருபத்து நாலு, இறக்கத்தில் பிரேக் பயம்: இவற்றுக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொண்டேன். தொடுபலகைக்கு நான் குறைத்த பத்து மதிப்பெண் அப்படியே இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள், வண்டியை ரோட்டில் நிறுத்துகிறவர்கள், வீட்டு வயரிங் பழசாக இருப்பவர்கள் இதை வாங்காதீர்கள். அவர்களுக்கு எக்ஸ்டர் ஏஎம்டி என்பேன். சந்து ரொம்பக் குறுகல் என்றால் வேகன்ஆர் 1.2 ஏஜிஎஸ், அதன் நட்சத்திரக் கணக்கைத் தெரிந்துகொண்டு. முழங்கால் நன்றாக இருந்து, உலுக்கல்தான் தொந்தரவு என்றால் டர்போ சிவிடி.

ஷெட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். நாற்காலிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்தான் படியில் உட்கார்ந்தபடி, "மலையை நகர்த்த முடியாது. சுவரை நகர்த்தலாம்ல?" என்றார். மூன்று மாதமாக எனக்கு அது தோன்றவே இல்லை. ஹாலோபிளாக் சுவரை ஒன்றரை அடி தள்ளிக் கட்டக் கொத்தனாரைக் கூப்பிட்டோம். எலக்ட்ரீஷியன் வீட்டிலிருந்து தனி லைன் இழுத்து, நாற்பது படியோரமும் குழாய் பதித்து, ஷெட்டில் 15 ஆம்பியர் பிளக் வைத்து எர்த் போட்டுத் தந்தார். கரடி வந்து கடிக்காமல் இருக்க இரும்புக் குழாயாகப் போடச் சொன்னேன். கரடிக்கு வயரில் என்ன ருசி என்று சிரித்தார்.

சுவர் காய்ந்துகொண்டிருக்கிறது. சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வண்டியின் அகலத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்று அவர் அதற்குள் நின்று, இல்லாத கதவைத் திறந்து, இறங்கிப் பார்த்தார்.